விலாசம் மாறிய நல்ல நாட்கள்

“எத்தினி கிலோமீட்டருன்னு கேட்டாரு. இருபத்தொண்ணுன்னேன். இதுல என்னா தப்பு?”

“யாரு கேட்டது, அக்கா?”

“கோயில்ல பிராது எழுதிக் குடுக்குறவருதான். பேரு கேட்டாரு, சொன்னேன். வூட்டு விலாசம் கேட்டாரு, சொன்னேன். கொறை என்னான்னு கேட்டாரு, அதையும் சொன்னேன். கடைசியா எத்தினி கிலோமீட்டருன்னாரு.”

“அடக் கடவுளே. அது வூட்டுலருந்து கோயிலுக்கு எத்தினி கிலோமீட்டருன்னு கேட்டது, அக்கா. மூணு நாலுதான் வரும்.”

“நான் என்னாத்தக் கண்டேன்? பொண்ணு ஓடுற வெசயமாத்தான போயிருந்தேன். அவ எம்மாந்தூரம் ஓடுவான்னு கேக்குறாருன்னு நெனச்சேன். நெய்வேலியில அன்னிக்கி ஓடினது இருபத்தொண்ணுதான?”

கலியபெருமாள் டீ தம்ளரைத் தரையில் வைத்தார். விருத்தாசலம் கோர்ட்டில் இருபத்தாறு வருடமாக வக்கீல் குமாஸ்தாவாக இருப்பவர் அவர். கூண்டில் ஏறித் தன் கட்சிக்கு எதிராகவே உண்மையைச் சொல்லிவிட்ட சாட்சியைப் பார்ப்பதுபோல, தன் அக்கா பெரியம்மாளைப் பார்த்தார். பெரியம்மாளோ தன் மகளைப் பார்த்தாள். மகள் துர்காதேவி அப்போதுதான் காலை ஓட்டம் முடித்துவந்து, ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தன் பேரில் ஒரு பிராது நிலுவையில் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

மணவாளநல்லூர் கோயிலில் இருக்கும் முருகன் கொளஞ்சியப்பரிடம் குறை உள்ளவர்கள் மனதுக்குள் வேண்டிக்கொண்டு மட்டும் திரும்பிவிடுவதில்லை. எழுத்தில் கொடுக்கிறார்கள். பெயர், ஊர், வீடு, குறை, வீட்டிலிருந்து கோயிலுக்குள்ள தூரம் எல்லாவற்றையும் தாளில் எழுதி, மடித்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் விசாரணை முடிந்து தீர்ப்பாகிவிடும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் மறக்காமல் போய்ப் பிராதை வாபஸ் வாங்கவேண்டும். எத்தனையோ மேசைகளில் மனு கொடுத்துப் பழகிய சனங்களுக்கு இந்த முறை ரொம்பவும் பிடித்திருந்தது. படிவம் எல்லாம் ஒன்றுதான். இங்கே பதில் வரும் என்று நம்ப முடிந்தது.

பெரியம்மாள் எழுதிவைத்த குறை இது: என் மகள் துர்காதேவிக்கு ஓட்டத்தில் கெட்ட நாளே இல்லாமல் எல்லா நாளும் நல்ல நாளாக இருக்கவேண்டும்.

“பிராது கட்டி எத்தினி நாளாவுது?” என்றார் கலியபெருமாள்.

“இன்னியோட எம்பத்தேழு.”

“நல்ல நாளு வந்துதா?”

இருவரும் துர்காவைப் பார்த்தார்கள். துர்கா மற்ற ஷூவையும் கழற்றினாள். அன்றைக்கு எட்டு கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்திருந்தது.

“வரல,” என்றாள்.

“வராது. எப்பிடி வரும்? விலாசம் ஒண்ணு சொல்லுது, கிலோமீட்டரு ஒண்ணு சொல்லுது. சம்மன் தப்பான எடத்துக்குப் போயிருக்குது.” கலியபெருமாள் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டார். “கோயில்லருந்து மேக்கால இருபத்தோரு கிலோமீட்டரு போனா என்னா ஊரு வருது?”

“வேப்பூரு,” என்றாள் பெரியம்மாள்.

“வேப்பூர்ல ஓடுறது யாரு?”

“சௌந்தர்யா,” என்று துர்காவின் வாய் அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.



வேப்பூர் சௌந்தர்யாவுக்குப் பத்தொன்பது வயது. மாவட்டப் போட்டிகளில் துர்கா ஓடி முடித்து, தண்ணீர் குடித்து, முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது மூச்சிரைக்க வந்துசேர்கிற பெண். அக்கா அக்கா என்று பின்னாலேயே சுற்றுவாள். அந்தப் பெண்தான் மூன்று மாதமாக யாரோ சாவி கொடுத்துவிட்டதுபோல ஓடுகிறாள். திட்டக்குடியில் முதல் இடம். போன மாதம் பண்ருட்டியில் பத்து கிலோமீட்டரில் துர்காவை நாற்பது நொடி வித்தியாசத்தில் பின்னால் தள்ளிவிட்டுக் கோப்பையோடு படம் பிடித்துக்கொண்டாள்.

“ஏம் மாமா, கெழக்கால இருபத்தோரு கிலோமீட்டரு போனா வேற ஊரு வராதா?” என்றாள் துர்கா, கிண்டலாக.

“வரும். அங்க ஒன்ன விட வேகமா ஓடுறவ எவளாச்சும் இருக்குறாளா?”

“இல்ல.”

“அப்ப மேக்காலதான்.” கலியபெருமாள் தம்ளரை எடுத்து மீதி டீயைக் குடித்தார். கேஸ் முடிந்துவிட்டது.

துர்கா சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே மனதுக்குள் எண்பத்தேழு நாளைப் பின்னால் எண்ணிப் பார்த்தாள். தேதி சரியாகத்தான் இருந்தது.

நல்ல நாள் கெட்ட நாள் விவகாரத்தில் துர்காவுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமிருந்ததில்லை. வீட்டில் தினசரி காலண்டர் தொங்கியது. விடிகாலை அவள் கிளம்புமுன் பெரியம்மாள் தாளைக் கிழித்து மகளின் மிதுன ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பாள். ஒரே வார்த்தைதான் இருக்கும். ‘சுகம்’ என்றால் பெரியம்மாளுக்கு மகிழ்ச்சி, துர்காவுக்குக் கவலை. ‘அலைச்சல்’ என்றால் பெரியம்மாள் முகம் வாடிவிடும். பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவளுக்கு அதைவிட நல்ல வாக்கு என்ன இருக்கமுடியும் என்று துர்கா குதித்துக்கொண்டு போவாள்.

ஊருக்குள் விமல்ராஜ் இருந்தார். டைல்ஸ் கடை முதலாளி, காலையில் ஓடுகிறவர்கள் சங்கத்தின் தலைவர். அவர் கையில் கட்டியிருந்த வாட்ச், இரவு அவர் தூங்கியதை அளந்து, இன்றைக்கு ஓடலாமா கூடாதா என்று காலையில் சொல்லும். கூடாது என்று சொன்ன நாளில் அவர் பாலக்கரை டீக்கடையில் உட்கார்ந்து, ஓடுகிறவர்களுக்குக் கையாட்டுவார். “துர்கா, ஒம் பாடி இன்னிக்கி ரெடியா இல்லம்மா, மொகத்துலயே தெரியுது. ஒரு வாட்ச் வாங்கிக் கட்டு.” போன வருடம் முழுக்க அந்த வாட்ச் அவரை நாற்பது நாள்தான் ஓட அனுமதித்திருந்தது. அதற்குள் அவர் பன்னிரண்டு மெடல் வாங்கிவிட்டார். அவர் போகிற ஓட்டங்களில் பேர் கொடுத்தவர்களுக்கெல்லாம் மெடல் உண்டு.

துர்காவிடம் இருந்தது ஒரே ஒரு வழி. கெட்ட நாளில் அடுத்த கரன்ட் கம்பம் வரைக்கும் ஓடுவது. அது வந்ததும் அதற்கடுத்த கம்பம். சேலம் ரோட்டில் கம்பத்துக்குக் குறைச்சல் இல்லை. நான்கு நாளுக்கு ஒரு நாள் கெட்டதாக இருந்தவரை இந்த வழி போதுமானதாக இருந்தது. நல்ல நாள்தான் உண்மையில் அவளைப் பயமுறுத்தியது. கெட்ட நாளுக்குக் காரணம் சொல்ல ஊரே காத்திருந்தது. நல்ல நாள் ஏன் வந்தது, நாளைக்கும் வருமா என்று கேட்டால் சொல்ல ஒருவரும் இல்லை.

இந்த மூன்று மாதமாகக் கணக்கு தலைகீழாகியிருந்தது. நான்கு நாளில் மூன்று நாள் கெட்ட நாள். வரும் ஞாயிற்றுக்கிழமை கடலூரில் தேர்வு ஓட்டம். மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு பெண் மாநிலப் போட்டிக்குப் போவாள். துர்காவுக்கு மாசியில் இருபத்தைந்து முடிகிறது. அதற்குள் மாநிலப் போட்டிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால், அவள் போட நினைத்திருக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு விண்ணப்பம்கூட வாங்கமுடியாது. அப்புறம் ஓடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. வேலைக்கு நேரமானால் ஓடுவதுபோல ஓடலாம்.

வேலை பீங்கான் கம்பெனியில். அச்சிலிருந்து எடுத்த அகல்விளக்கின் ஓரத்துப் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்கவேண்டும். கார்த்திகை ஆர்டர் வந்ததிலிருந்து, மூன்று மாதமாக, தினமும் பத்து மணி நேரம் நின்றபடி வேலை. அவளுடைய கெட்ட நாட்களைப் பற்றிக் காலண்டரும் வாட்சும் கோர்ட்டும் கோயிலும் பேசின. இந்தப் பத்து மணி நேரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதைச் சொல்ல எந்த விசேஷ ஞானமும் தேவைப்படாததால் யாருக்கும் அதில் ஆர்வம் இல்லாமல் போயிருக்கலாம்.

வியாழக்கிழமை காலை துர்கா சேலம் ரோட்டில் மேற்கே ஓடினாள். முதல் கிலோமீட்டரிலேயே தெரிந்துவிட்டது. தொடை இரண்டும் ஊறவைத்த களிமண் மூட்டையாகக் கனத்தன. வழக்கம்போல அடுத்த கம்பத்தைப் பார்த்தாள். கம்பத்துக்குப் பதிலாக மனதில் வேறொன்று வந்து நின்றது. எனக்கு வரவேண்டியது இப்போது வேப்பூரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவள் நின்றுவிட்டாள். ஏழு வருடத்தில் வழியில் நின்றது அதுதான் முதல் தடவை. மணவாளநல்லூர் தாண்டி ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்தாள். லாரிகள் போயின. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று போனது. வெட்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ரொம்ப நாள் கழித்துச் சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துவிட்டதுபோல இருந்தது. நான் மோசமில்லை. விலாசம்தான் மோசம். இதைவிட இனிப்பான ஒன்றை அவள் சமீபத்தில் சாப்பிட்டதில்லை.

அன்று வேலையில் பக்கத்து மேசை நீலாவதியிடம் இதை ஒரு ஜோக்காகச் சொன்னாள். நீலாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ஐந்து விளக்கைக் கீழே போட்டு உடைத்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “இருந்தாலும் இருக்கும்டி” என்றாள். நீலாவதியின் வீட்டுக்காரர் வேப்பூர் பஸ்ஸில் கண்டக்டர். துர்காவின் கால்கள் ஒருநாளும் எட்டாத வேகத்தில் செய்தி அந்த இருபத்தோரு கிலோமீட்டரையும் கடந்தது. சாயங்காலம் நாலரை மணி டிரிப்பில் போய், ஆறு மணிக்கெல்லாம் நெடுஞ்சாலை ஓரத்தில் பரோட்டாக் கடை நடத்துகிற சௌந்தர்யாவின் அப்பாவிடம் சேர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை கலியபெருமாள் திட்டத்தோடு வந்தார்.

“நாளைக்கி தொண்ணூறாவது நாளு. அதுக்குள்ள மொதல்ல பழைய பிராத வாபஸ் வாங்கணும். வாங்குன ஒடனே அந்தப் பொண்ணுக்குப் போற சப்ளை கட்டு. அப்பறம் கையோட புதுசா ஒண்ணு, கரெக்டான கிலோமீட்டரு போட்டு, அர்ஜென்ட்டுன்னு எழுதிக் கட்டிடணும். ஞாயித்துக்கெழம காலையில ஓட்டம்னு வெவரமா எழுதணும், ஆமா.”

“நாளைக்கி மத்தியானத்துக்குள்ள லீவு சொல்லிட்டுப் போயிட்டு வந்துடுறேன்,” என்றாள் பெரியம்மாள். அவளுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, விளக்குகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை.

“யாரும் எங்கியும் போவ வேணாம்,” என்றாள் துர்கா.

“ஏண்டி?”

“என்னாம்மா இது? ஓடுறது என் காலு. வலிக்கிறது என் காலு. அந்தப் பொண்ணு ஓடுறது அவ காலு. இதுல வேலு எங்கருந்து வந்துச்சு? ஞாயித்துக்கெழம நான் ஜெயிச்சேன்னு வையி, சாமி ஜெயிச்சிச்சுன்னு சொல்லுவீங்க. ஏழு வருசமா நாலு மணிக்கி எழுந்திரிச்சி ஓடுனது சாமியா? வாபஸும் வேணாம், புதுசும் வேணாம். அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.”

அவள் குரல் ஏறியிருந்தது. பேச்சு நன்றாகவே வந்தது என்று அவளுக்கே தோன்றியது. கலியபெருமாள் அசந்துபோனார். “வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும் இத,” என்று அக்காவிடம் சொன்னார். பெரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி, வுடு. ஞாயித்துக்கெழம முடியட்டும்,” என்றாள்.

துர்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டாள். மணிமுத்தாற்றுப் பாலத்தின் நடுவில் போகும்போதுதான் கவனித்தாள், நெஞ்சு லேசாக இருந்தது. மூடநம்பிக்கையை எதிர்த்துப் பேசியவளுக்கு வருகிற லேசு அல்ல அது. நன்றாக யோசித்துப் பார்த்தாள். பிராது வேலிலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் அது அவளுடைய கால். தோற்றால் அது தப்பான கிலோமீட்டர். இருபத்தாறு வருட அனுபவத்தில் கலியபெருமாளுக்குக்கூட இரண்டு பக்கமும் தானே ஜெயிக்கிற கேஸ் ஒன்று கிடைத்ததில்லை.

இப்படியெல்லாம் நினைக்கிற பெண் தான் இல்லை என்று சொல்லிக்கொண்டே பாலத்தைக் கடந்தாள்.

சனிக்கிழமை பதினொரு மணி டீக்கு மணி அடித்தது. வாட்ச்மேன் வந்து, வாசலில் ஒரு பெண் காத்திருப்பதாகச் சொன்னார். சௌந்தர்யா கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில், டிராக் பேன்ட்டும் ரப்பர் செருப்புமாக நின்றாள். தோளில் பள்ளிக்கூடப் பை. ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருத்து, மாவட்டத்திலேயே வேகமாக ஓடுகிற பெண் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

“அக்கா, சாப்ட்டீங்களா?”

“நாளைக்கி ஓட்டத்த வச்சிக்கிட்டு இன்னிக்கி பஸ்ஸுல சுத்துற? காலத் தூக்கி வச்சிப் படுக்க வேணாமா?”

“அப்பாவும் அதான் சொல்றாரு. படு படுன்னு.” சௌந்தர்யா செருப்பின் வாரைக் கால்விரலால் நெருடினாள். “காலையில நாலு மணிக்கி தண்ணி தெளிச்சி எழுப்புற மனுசன்க்கா. நேத்துலருந்து எழுப்பவே இல்ல. நீ எதுக்கு ஒடம்பக் கெடுத்துக்குற, சாமி பாத்துக்கும்ங்குறாரு. கடையில பண்ருட்டி கப்பு வாங்குன போட்டோ மாட்டியிருந்தாரு இல்ல, அத எடுத்துட்டாரு. அந்த ஆணியில இப்ப கொளஞ்சியப்பரு.”

துர்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். சௌந்தர்யாவும் பாதி சிரித்தாள்.

“லாரிக்காரங்க பரோட்டா தின்ன வர்றவங்க என் காலத் தொட்டுப் பாத்துட்டுப் போறாங்கக்கா. ஒருத்தரு திருச்சிக்கிப் போறவரு, லோடு நல்லபடியா எறங்கணும்னு வேண்டிக்கிட்டாரு.”

“அடப் பாவமே. ஒங்கப்பாகிட்ட சொல்லு, எங்கம்மா ஏதோ ஒளறி வச்சிட்டு வந்திருக்குது. பிராதாவது கிலோமீட்டராவது. நீ ஓடுற, அதான் ஜெயிக்கிற.”

“நானும் அப்பிடித்தான்க்கா நெனச்சிக்கிட்டு இருந்தேன்.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இந்த மூணு மாசம் எப்பிடி ஓடினேன்னு எனக்குத்தான் தெரியும். சர்வீஸ் ரோட்டுல நாயி தொரத்துது, லாரிக்காரன் கத்துறான், அதுலயும் ஓடினேன். ஒரு நாளு காலு அப்பிடியே கழண்டு போற மாதிரி இருக்கும். மறுநாளு பறப்பேன். சரி, நமக்கு வருது போலன்னு இருந்தேன். நேத்து யாரும் எழுப்பாம நானே எழுந்து போயி எட்டு கிலோமீட்டரு ஓடினேன். அம்புட்டு நல்லா ஓடினேன்க்கா. முடிச்சதும் அழுவாச்சி அழுவாச்சியா வருது. யாரு ஓடினான்னு தெரியல.”

கம்பெனிக்குள் டீ தம்ளர்களைக் கழுவும் சத்தம் கேட்டது. ஷெட்டின் நிழலில் பெரியம்மாள் வைக்கோல் மேல் உட்கார்ந்து, யார் அந்தப் பெண் என்று தலையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதெல்லாம் மனசுல வச்சிக்காத,” என்றாள் துர்கா. “நான் இதையெல்லாம் நம்புறதே இல்ல.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“அப்பறம் ஏன்க்கா அம்மா வாபஸ் வாங்கப் போறேன்னதுக்கு வேணாம்னு சொன்னீங்க?”

துர்கா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஈரக் களிமண் ஒட்டியிருந்த விரல்கள் கம்பியில் வெள்ளைத் தடம் பதித்தன. நேற்று அம்மா நீலாவதியிடம் புலம்பியிருப்பாள். வேப்பூர் பஸ்ஸின் கண்டக்டருக்கு ஒரு செய்தியையும் விட்டுவிடும் பழக்கம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

“இல்ல... அம்மாவுக்கு எதுக்கு வீண் அலைச்சல்னு...”

சௌந்தர்யா அதை நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, ஷெட்டைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், மறுபடி துர்காவைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது.

“பன்னெண்டரைக்கி நடை சாத்திடுவாங்களாம், கேட்டுட்டுத்தான் வந்தேன். இன்னியோட தொண்ணூறு நாளு முடியுதாம். நாளைக்கி நான் தோத்தாலும் பரவால்லக்கா, நீங்க ஜெயிச்சாலும் பரவால்ல. அம்மாவ ஒரு எட்டு போயி அத வாபஸ் வாங்கிட்டு வரச் சொல்லுங்கக்கா. புதுசா ஒண்ணும் கட்ட வேணாம். நாளைக்கி நீங்களும் நானும் மட்டும் ஓடுவோம்.”